உளுந்தளவு ராயல் ஜெல்லி

காலை ஆறரை மணி. தலையில் கட்டிய துண்டிலிருந்து ஈரம் முதுகில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் கிழக்கே பார்த்து நிற்கிறேன். எதிரே அத்தை, அதாவது என் மாமியார். இடது கையில் எவர்சில்வர் கிண்ணம், வலது கையில் சின்னக் கரண்டி.

"ஆ காட்டுட்டி."

வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான் வாயைத் திறக்கிறேன்.

கிண்ணத்தில் இருந்தது பால்கோவா. பால்கோவாவுக்குள் இருந்தது ராயல் ஜெல்லி. ராயல் ஜெல்லிக்குள் இருப்பதாக அத்தை நம்பியது ஒரு பேரன்.

பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் விழுங்கி முடித்ததும் தலையை மட்டும் தூக்கி, "இனிப்பு சரியா இருக்கா?" என்று கேட்பார். தினமும் கேட்பார். இந்தக் கேள்வியை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன்.

நாலு தறி சாம்ராஜ்யம்

எண்பதுகளின் பின்பாதி. ராஜபாளையத்தில் எங்களுக்கு நாலு விசைத்தறி ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்தோம். அந்தத் துணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நூலைவிட ஓட்டைதான் அதிகம். ஓட்டையை நெய்து விற்றுப் பிழைத்த குடும்பம் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

ஆனால் அத்தை பேசுவதைக் கேட்டால் அரண்மனைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். "இம்புட்டையும் ஆள ஒரு வாரிசு வேணும்லட்டி" என்று கையை வீசிக் காட்டுவார். கை போன திசையில் நாலு தறியும், ஒரு கிணறும், கட்டிப்போட்ட ஒரு நாயும் இருக்கும். நாய்க்குக்கூட வம்சாவளி உண்டு என்று எங்கள் ஊரில் பெருமையடிப்பார்கள். அந்த நாய் என்னைப் பார்க்கும் பார்வையிலும் ஒரு குறை தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். 'தறிக்காரர் வீட்டு மருமக பஸ் ஏறி வேலைக்குப் போறதா' என்று நிறுத்திவிட்டார்கள். நானும் நின்றுவிட்டேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுதான் நல்ல பெண்ணுக்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

நாலு வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். எனக்கு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். "அடுத்து உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தை அத்தை நம்பவில்லை. இரண்டாவது வாக்கியம் அவர் காதில் விழவே இல்லை.

அந்த வருஷம் தை பிறந்ததும் ஒரு கெடு வைத்தார்கள். ஆடிப்பூரத்துக்குள் விசேஷம் இல்லையென்றால் 'வேற ஏற்பாடு'. வேற ஏற்பாட்டுக்கு ஊரும் உண்டு, பெயரும் உண்டு. தேவதானத்தில் அத்தைக்குத் தூரத்து உறவில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா ஒரு நாள் வந்து எங்கள் வீட்டு அடுப்படியை அளவெடுப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள். காபி டம்ளரைக்கூட அவளே கழுவி, எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்டாள்.

ஒரு துணுக்குச் செய்தி

இந்த நேரத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் துணுக்கு ஒன்று வந்தது. வாரப் பத்திரிகைகள் குடும்பங்களுக்குச் செய்யும் தீங்கைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையிலேயே எழுதக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

'ராணித்தேனீ ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். காரணம், அது வாழ்நாள் முழுக்க ராயல் ஜெல்லி மட்டுமே சாப்பிடுகிறது.' அவ்வளவுதான் செய்தி. அதற்குக் கீழே கத்தரிக்காய் வதக்கும்போது நிறம் மாறாமலிருக்க ஒரு யோசனை.

அத்தை இரண்டையும் கத்தரித்து வைத்துக்கொண்டார். கத்தரிக்காய் நிறம் மாறாமல் வந்தது. அதனால் மேலே போட்டதும் பலிக்கும் என்று முடிவுகட்டினார்.

செய்தியில் பாதி நிஜம் என்பதுதான் வயிற்றெரிச்சல். ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் முட்டையில் வித்தியாசம் கிடையாது. ஒரே தாய், ஒரே மாதிரி முட்டை. பொரிந்த புழுக்களுக்கு முதல் மூன்று நாள் எல்லாருக்கும் இந்தக் கூழ்தான். அதற்குப் பிறகு பந்தி பிரிகிறது. வேலைக்காரிகளாகப் போகிறவர்களுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாப்பாடு. ராணியாகப் போகிறவளுக்கு மட்டும் கூழே தொடர்கிறது, அதுவும் மூழ்குகிற அளவுக்கு. முன்னவள் சில வாரம் உழைத்துச் சாகிறாள். பின்னவள் வருஷக்கணக்கில் இருந்து முட்டையிடுகிறாள்.

கூழில் உள்ளது ராணியாக்குகிறதா, அல்லது மகரந்தத்தில் உள்ள ஏதோ ஒன்று மற்றவளின் சினைப்பையை அமுக்கிவைக்கிறதா என்று பின்னாளில் விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டதைப் படித்தேன். இன்னமும் அது முழுதாகத் தீர்ந்தபாடில்லை. என் வீட்டில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. தீர்ப்பு முதலிலேயே எழுதியாயிற்று.

கூமாப்பட்டி சுபேதார்

அத்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் கூமாப்பட்டியில் இருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, மலையடிவாரத்துத் தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருந்தார். ஊரில் எல்லாரும் சுபேதார் என்றே கூப்பிடுவார்கள். நடை இன்னும் அணிவகுப்பு நடைதான். தேனீக்களிடமும் ஏறக்குறைய அதட்டித்தான் பேசுவார்.

"யக்கா, நம்மூரு தேனீ சின்னது. பத்துப் பெட்டியத் தொறந்தாலும் ஒரு டப்பா நெறையாது" என்றார்.

"நெறையாட்டாப் போகுது. கெடைக்கத கொண்டா தம்பி" என்றார் அத்தை.

டப்பா என்றால் கேமரா ஃபிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பா, சாம்பல் மூடி. ஈரத்துணி சுற்றி, சாப்பாட்டுத் தூக்கில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவருவார். உள்ளே அடியில் கொஞ்சம் வெண்மையாக, கெட்டியான கஞ்சி மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு உளுந்தளவு என்பது அவருடைய உத்தரவு.

முதல் நாள் நாக்கில் வைத்தேன். நல்ல புளிப்பு. தொண்டையில் ஒரு கமறல். பள்ளிக்கூடத்தில் ரப்பரைக் கடித்தால் வருமே, அப்படி ஒரு வாசனை. ராணித்தேனீக்கு வாழ்நாள் முழுக்க இதுதான் சாப்பாடு என்று நினைத்தபோது அவள்மேல் பரிதாபம் வந்தது.

எச்சில்

இரண்டாவது டப்பா வந்த அன்று அத்தை ஒரு கேள்வி கேட்டார். இது தேனீயின் எந்த இடத்திலிருந்து வருகிறது?

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்த கொழுப்பு, சொன்னேன். தேனீயின் தலைக்குள் இரண்டு பக்கமும் சுரப்பிகள் இருக்கின்றன. பிறந்து ஒரு வாரம், பத்து நாள் ஆன இளம் வேலைக்காரத் தேனீ மகரந்தத்தைத் தின்று, அந்தச் சுரப்பிகளில் இதை ஊறவைத்து, வாய்வழியாகப் புழுவுக்கு ஊட்டுகிறது.

"வாய்வழியாவா?" அத்தையின் முகம் சுருங்கியது. "அப்ப பூச்சி எச்சியாட்டி?"

தேனும் தேனீயின் வாயிலிருந்து வருவதுதான் என்றேன். "தேன் வேற. அது சாமிக்கே அபிஷேகம் பண்ணுதது" என்றார். தர்க்கம் அத்துடன் முடிந்தது. தான் சூடிப் பார்த்த மாலையையே பெருமாளுக்குக் கொடுத்த தாயாரைக் கும்பிடும் ஊரில் பிறந்த பெண்மணி, எச்சிலுக்கு அப்படிப் பயந்தார்.

ஆனால் பேரனும் வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்தார். நெருப்பும் பசும்பாலும் பட்டால் எந்த எச்சிலும் தீட்டுக் கழிந்துவிடும். அத்தையின் சொந்தத் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு வைத்திருந்தார். ஆகவே டப்பா நேரே அங்கே போக வேண்டும். தனி வாணலி, தனிப் பால். பால் கொதிக்கும்போதே ஜெல்லியைப் போட்டு, சுண்டச் சுண்டக் கிண்டி, பால்கோவாவாக எனக்கு வந்து சேர வேண்டும்.

அந்த வேலையை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் டப்பாவைக் கொண்டுபோய், பால்கோவாவை வாங்கி வருவார். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நான் உருகிப்போனேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ராயல் ஜெல்லியில் இருப்பது புரதம். ஒன்றரை மணி நேரம் கொதிக்கும் பாலில் போட்டால் அது வெந்து உருக்குலைந்துவிடும். முட்டையை அவித்துவிட்டுக் கோழியை அடைகாக்கச் சொன்ன கதைதான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

ஏனென்றால் பால்கோவா நன்றாக இருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று தனியாக வந்த பண்டம் அது ஒன்றுதான்.

லிட்மஸ் தாள்

ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. சுபேதார் மைதா மாவைக் கரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறாரோ? பால்கோவாவுக்குப் போகும் முன் டப்பாவிலிருந்து கொஞ்சம் வழித்து ஒரு சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டேன். கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, பழைய கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன்.

நீல லிட்மஸ் சிவந்தது. அமிலம்தான். அயோடின் விட்டேன், நீலம் வரவில்லை. மாவு இல்லை. காரமும் துளி மயில்துத்தமும் சேர்த்தேன். அழகான ஊதா. புரதம் இருக்கிறது. சுபேதாரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

நூலகத்தில் புத்தகத்தையும் புரட்டினேன். மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர். மிச்சத்தில் புரதம், அதற்கு அடுத்தபடி சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் பத்து கார்பன் கொண்ட ஒரு அமிலம், தேனீயைத் தவிர வேறெங்கும் பார்ப்பது அரிது. பி வகை வைட்டமின்கள் தாராளம். இதைத் தின்றால் மனிதப் பெண் கருத்தரிப்பாள் என்று எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. புரதம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுத் துவரம்பருப்பிலேயே இருந்தது.

மருந்துக் குப்பிகளின் வாசனைக்கு நடுவில் செத்த நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, என் கையில் இருந்ததோ வெந்த புரதம். திரும்பும் வழியில் மறக்காமல் துளசி வாங்கிக்கொண்டேன். கோவிலுக்குப் போனதற்குச் சாட்சி வேண்டுமே.

ஊசி முனை

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுபேதார் கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, ஆடிப்பூரம் நெருங்குது. இனி ரெண்டு டப்பாவா கொண்டா" என்றார் அத்தை.

"அது ஏலாது யக்கா. இது தேன் மாதிரி அடையில கெடக்க சாமான் இல்ல. மொதல்ல பெட்டில இருந்து ராணியத் தூக்கணும். தூக்குன ஒடனே உள்ள ஒரே எரச்சல். தாயில்லாத வீடுல்லா. பொறவு அதுகளே சின்னப் புழுவாப் பாத்துத் தேர்ந்தெடுத்து, பெரிய அறையாக் கட்டி, இந்தக் கூழக் கொட்டி ரொப்பும். மூணாம் நாளு நான் போயி அறையத் தொறந்து வழிப்பேன்."

"உள்ள புழு இருக்கும்ன்னியே?"

"இருக்கும். ஊசி மொனையால எடுத்துத் தூரப் போட்ருவேன். எறும்பு இழுத்துட்டுப் போயிரும்."

அத்தை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் புழு, ராணியா ஆகப்போற பிள்ளையா?"

"ஆமா. ஒரு உளுந்துக்கு ஒரு பிள்ளைன்னு வச்சுக்கிடுங்க."

சுபேதார் பட்டாளத்துக்காரர். கணக்கைச் சுற்றி வளைக்காமல் சொல்வார். அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பேரனுக்காக மாசியிலிருந்து தினம் ஒரு பிள்ளையை எறும்புக்குப் போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "பெருமாளே" என்று ஒரே ஒரு சொல்தான் வந்தது. பிறகு, "வேண்டாம் தம்பி. இன்னையோட நிப்பாட்டு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜெல்லி நின்றால் மிச்சம் தேவதானம்தான். பால்கோவா தின்றே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நாள் இனி தள்ளாது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, அடுப்படி வாசலில் நின்றபடியே சுபேதாரிடம் கேட்டேன்.

"மாமா, ஆண் தேனீக்கும் இந்தக் கூழ் கொடுப்பாங்களா?"

"மொத மூணு நாளு எல்லாத்துக்கும் உண்டு தாயி. ஆணு, பொண்ணு பேதமே கெடையாது."

"அப்போ அந்த மூணு நாள் கணக்குக்காவது இவங்களுக்கும் கொடுத்திருக்கலாமே. இவ்வளவு நாளும் நான் மட்டும்தானே தின்னேன்."

"எனக்கு எதுக்கு? அதெல்லாம் பிரயோஜனமில்ல!" என்றார் என் வீட்டுக்காரர்.

பேப்பர் மடியிலிருந்து விழுந்தது. குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. அதைவிட முக்கியம், அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. பெற்றவளுக்குத் தெரியாத காதா அது?

மதுரை நூல்

அத்தை மகனையே பார்த்தார். "பிரயோஜனமில்லன்னு ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

அவர் குனிந்து பேப்பரைப் பொறுக்கினார்.

"ஏலே, டாக்டர்ட்டப் போனியா?"

"போனேன்."

"எப்ப?"

"ரெண்டு வருசம் இருக்கும். மதுரைக்கு நூல் எடுக்கப் போனேன்ல, அப்ப." தரையைப் பார்த்துச் சொன்னார். "எங்கிட்டதான் கொறையாம். பிள்ளைக்கு வழியில்லன்னுட்டாரு."

சுபேதார் எழுந்து, காபி டம்ளரைத் தானே கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எப்போது பின்வாங்க வேண்டும் என்பதும் பட்டாளத்தில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

நான் ஜெல்லியை முதலில் நாக்கில் வைத்த அன்றே என் வீட்டுக்காரருக்குத் தெரியும். டப்பாவை ஸ்கூட்டரில் கொண்டுபோனபோதெல்லாம் தெரியும். தேவதானத்துக்காரி எங்கள் அலமாரியை அளந்தபோதும் தெரியும். தெரிந்தேதான் தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பிள்ளை இல்லை என்பதை நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். அந்தக் கேள்வியை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் செய்யும் கெடுதல் பலசமயம் கெட்டவர்கள் செய்வதைவிட நீளமானது.

மூன்றாம் நாள் காலை பழைய வேலையைத் திரும்பக் கேட்டுக் கல்லூரிக்கு எழுதப்போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த வேலையில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நோய் வந்து இந்தப் பக்கத்துத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. புழுக்கள் அறைக்குள்ளேயே பைபோல வீங்கிச் செத்தன. சுபேதாரின் பெட்டிகளும் காலியாகிவிட்டன. அது வைரஸ் என்று எடுத்துச் சொன்னேன். நாம் போட்ட பிள்ளைகளின் சாபம் என்று அத்தை கடைசிவரை நம்பினார். அந்தப் பாவத்தில் பங்கு வாங்கத்தான் அவருக்கு மனம் வந்தது, என் விஷயத்தில் செய்தது அவர் கணக்கில் வரவில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்த ஆடிப்பூரம் இருக்கிறதே.

தேர்

கெடு முடிந்த நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்க மூவரும் போயிருந்தோம். ரத வீதியில் தலைதான் தெரிந்தது. வடம் பிடித்தவர்களின் வியர்வையும் நசுங்கிய துளசியும் கலந்து ஒரு வாசனை. என் வீட்டுக்காரர் தேங்காய்த் தட்டோடு நின்றார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தேவதானத்துக்காரி வந்தாள். கூடவே அவளுடைய மகளும் இருந்தாள். பாவம், அந்தப் பெண் பட்டுச்சேலையில் நெளிந்துகொண்டிருந்தாள்.

"என்ன மதினி, ஆடிப்பூரமும் வந்துட்டு. மருமகளுக்கு ஏதும் விசேசம் உண்டா?" பத்துப் பேருக்குக் கேட்கும்படிதான் கேட்டாள். பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ராஜ்யம், வம்சம், நாலு தறி எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். பிறகு, தேர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரலில் சொன்னார்:

"அத எம்புள்ளைட்டக் கேளு தாயி. கொற அவன்ட்டதான். இந்தா நிக்கான் பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். தேங்காய்த் தட்டுக்கு மேலே இரண்டு காதும் மிளகாய்ப் பழமாக இருந்தன. தேவதானத்துக்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

தேர் நகர்ந்த பிறகு அத்தை தன் தம்பி கடைக்குப் போகாமல், வேறு ஏதோ ஒரு கடையில் நின்றார். சூடாக ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி, என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தின்னுட்டி. இதுல ஒண்ணும் கலக்கல. வெறும் பாலும் சீனியும்தான்."

நடுவீதியில் நின்று, மேற்கே பார்த்தபடி, என் கையாலேயே எடுத்துத் தின்றேன். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.